துகள் விளையாட்டில் வெப்பமும் கதிர்வீச்சும்

ஈர மணலைக் குவித்துக் கோட்டை கட்டுவதும், அதன் அடியில் சுரங்கம் தோண்டுவதும், பின்னர் நீரை ஊற்றி அது சரிவதைக் கண்டு மகிழ்வதும் குழந்தைகளுக்கு இயல்பான விளையாட்டு ஆகும். மணல் எவ்வளவு சரிவில் நிற்கும், நீர் எவ்வழியே ஊறும் என்பனவற்றை எந்த நூலும் கற்பிக்கும் முன்னரே அவர்கள் தம் கைகளால் அறிந்து கொள்கின்றனர். இவ்விளையாட்டு இன்று கணிப்பொறியின் திரைக்கும் வந்துள்ளது. திரை மிகச் சிறிய கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். மணல், நீர், எண்ணெய், இரும்பு, நெருப்பு என விரும்பிய பொருளை விரும்பிய கட்டத்தில் துகளாக இட்டு, அவை ஒன்றோடொன்று எவ்வாறு நடந்து கொள்கின்றன என்பதைப் பார்க்கலாம். 'பவுடர் டாய்' என்னும் இலவச விளையாட்டு இவ்வகையைச் சார்ந்தது. அதன் திரையில் 612 நிரல்களும் 384 வரிசைகளுமாக 2,35,008 கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனி வெப்பநிலை உண்டு. யுரேனியம், புளூட்டோனியம், நியூட்ரான் ஆகியனவும் அதில் இடம் பெற்றுள்ளன.

இஃது எத்துணைப் பெரிய வளர்ச்சி என்பதை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்' என்னும் கணிப்பொறியின் நினைவகத்தில் 2,048 எண்களுக்கே இடமிருந்தது. கட்டத்துக்கு ஒன்றாக வெப்பநிலையை மட்டும் எழுதி வைத்தாலும், 45 வரிசையும் 45 நிரலும் கொண்ட சிறு பரப்புடன் அந்நினைவகம் ஏறக்குறைய நிறைந்துவிடும். அன்று அறிஞர்களுக்கும் அரிதாயிருந்த கணக்கீடு இன்று சிறுவர்களின் பொழுதுபோக்காகிவிட்டது.

ஆயினும் இங்கு ஒரு பொறுப்பும் எழுகிறது. மணலையும் நீரையும் பற்றி விளையாட்டு தவறாகச் சொன்னால், ஆற்றங்கரைக்குச் சென்று அத்தவற்றைத் திருத்திக் கொள்ளலாம். அணு உலையின் உள்ளே கை வைத்துப் பார்க்க எவராலும் இயலாது. ஆதலால் அதைப் பற்றித் திரையில் கண்டதே பலர் மனத்தில் நிலைத்து நிற்கும். வெப்பத்தையும் கதிர்வீச்சையும் இத்தகைய விளையாட்டில் சேர்க்க விரும்புவோர் எந்த இயல்புகளைத் தவறாமல் சேர்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வெப்பமும் வெப்பநிலையும்

முதலாவது இயல்பு மிக எளியது. எனினும் எளிதில் மறக்கப்படுவது. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4,190 ஜூல் ஆற்றல் தேவை. அதே எடையுள்ள இரும்புக்கு ஏறத்தாழ 450 ஜூல் போதும். எடுத்துக்காட்டாக, 100 டிகிரி சென்டிகிரேடிலுள்ள ஒரு கிலோகிராம் இரும்பை 20 டிகிரியிலுள்ள ஒரு கிலோகிராம் நீரில் இடுவோம். இரண்டின் வெப்பநிலைகளைக் கூட்டிச் சரிபாதியாக்கும் விளையாட்டு, விடை 60 டிகிரி என்று காட்டும். மெய்யுலகில் கிடைப்பதோ ஏறத்தாழ 28 டிகிரி மட்டுமே. சராசரி எடுத்த விளையாட்டு, எங்கிருந்தோ பெருமளவு வெப்பத்தைப் புதிதாகப் படைத்துவிட்டது எனலாம்.

இப்பிழையைத் தவிர்க்கும் வழி வணிகரின் வரவு செலவுக் கணக்கை ஒத்தது. அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கிடையே எவ்வளவு வெப்பம் செல்கிறது என்பதை ஒரே முறை கணக்கிட்டு, அதை ஒன்றின் கணக்கில் செலவாகவும் மற்றதன் கணக்கில் வரவாகவும் எழுத வேண்டும். பின்னர் ஒவ்வொரு பொருளின் தன்வெப்பத்தைக் கொண்டு வெப்பநிலையைப் பெறலாம். இவ்வாறு செய்தால் திரையிலுள்ள மொத்த ஆற்றல் ஒருபோதும் தானாகக் கூடவோ குறையவோ செய்யாது.

நிலை மாற்றத்தின்போதும் இக்கணக்கு வழுவக் கூடாது. ஒரு கிலோகிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்க ஏறத்தாழ 419 கிலோஜூல் வேண்டும். கொதிநிலையை அடைந்த அந்நீர் முழுவதையும் ஆவியாக்கவோ ஏறத்தாழ 2,260 கிலோஜூல், அதாவது ஐந்து மடங்குக்கும் மேல் தேவை. இந்த உள்ளுறை வெப்பத்தை விட்டுவிட்டால், 100 டிகிரியைத் தொட்டவுடன் ஏரி முழுவதும் ஒரு நொடியில் ஆவியாகிவிடும். நீர் எத்துணைச் சிறந்த குளிர்விக்கும் பொருள் என்பதை அத்தகைய விளையாட்டில் எவரும் உணர முடியாது.

வெப்பம் பரவும் வேகம்

வெப்பம் கடத்தப்படும் முறையைக் கணிதச் சமன்பாடாக வகுத்து, 1822ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே. அச்சமன்பாட்டைக் கட்டங்களில் தீர்க்கும்போது காலத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்கிறோம். படியின் அளவு மிகுந்துவிட்டால் விபரீதம் நேரும்: சூடான கட்டம் தன் அண்டைக் கட்டங்களைவிடக் குளிர்ந்து போகும்; அடுத்த படியில் அவற்றைவிடக் கொதிக்கும்; இவ்வாறு ஊசலாடி ஊசலாடித் திரை முழுவதும் பொருளற்ற எண்களாகிவிடும்.

இதற்கு ஒரு திட்டமான எல்லை உண்டு. தளத்தில் அமைந்த சதுரக் கட்டங்களுக்கு, கட்டத்தின் பக்க அளவைத் தன்னால் பெருக்கி, பொருளின் வெப்பப் பரவல் எண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் காலத்தைப் படி தாண்டக் கூடாது. செம்பின் வெப்பப் பரவல் எண், நொடிக்கு ஏறத்தாழ 110 சதுர மில்லிமீட்டர். கட்டம் 1 மில்லிமீட்டர் எனில், படி ஒரு நொடியின் ஆயிரத்தில் 2.3 பங்குக்கு மேற்படலாகாது. திரையோ நொடிக்கு 60 முறை மாறுகிறது. ஆதலால், மெய்யான வேகத்தில் காட்ட வேண்டுமாயின், ஒவ்வொரு படத்துக்கும் இடையே குறைந்தது 8 சிறு படிகளைக் கணிப்பொறி கணக்கிட வேண்டும்.

கதிராய்ச் செல்லும் வெப்பம்

இதுவரை கூறியது தொடுதலால் செல்லும் வெப்பம். தொடாமலே செல்லும் வெப்பமும் உண்டு. சூடான ஒவ்வொரு பொருளும் வெப்பக் கதிர்களை வீசுகிறது. அதன் அளவு கெல்வின் வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப மாறும் என்பதை ஸ்டெஃபான் 1879இல் கண்டறிந்தார். போல்ட்ஸ்மான் 1884இல் அதற்குக் கோட்பாட்டு விளக்கம் அளித்தார். முழுக் கரும்பொருள் ஒன்றின் ஒரு சதுர மீட்டர் பரப்பு 300 கெல்வினில் 459 வாட் வீசும். 600 கெல்வினில் அது 7,350 வாட்டாகவும், 1,200 கெல்வினில் ஏறத்தாழ 1,17,600 வாட்டாகவும் உயரும். வெப்பநிலை இரட்டிக்கும்போதெல்லாம் கதிர்வீச்சு 16 மடங்காகிறது. அறை வெப்பநிலையில் கவனிக்கத் தேவையற்றதாய்த் தோன்றும் இவ்வியல்பு, உலைக்களத்தின் முன் நிற்பவருக்கு எல்லாவற்றிலும் முதன்மையானதாகிவிடுகிறது.

இங்கு விளையாட்டை அமைப்பவர் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாம் வாழும் உலகம் மூன்று பரிமாணங்களுடையது. ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் கதிர் கோளப் பரப்பில் விரிகிறது. எனவே தொலைவு இரட்டித்தால் செறிவு நான்கில் ஒன்றாகும். திரையிலுள்ள தட்டை உலகிலோ கதிர் வட்டத்தின் சுற்றளவில்தான் விரிகிறது. அங்குத் தொலைவு இரட்டித்தால் செறிவு பாதியாகவே குறையும். இதனை அப்படியே விட்டுவிட்டால், கதிர்வீச்சிலிருந்து விலகி நிற்பதால் கிடைக்கும் பாதுகாப்பு மெய்யுலகில் இருப்பதைவிடக் குறைவு என்று விளையாடுபவர் எண்ணிவிடுவார். ஒரு திருத்தக் காரணியைச் சேர்ப்பதோ, இது தட்டை உலகம் என்று வெளிப்படையாகக் கூறிவிடுவதோ நேர்மையான வழியாகும்.

பகடை எறிந்து கதிரைத் தொடர்தல்

அணுக்கருவிலிருந்து வெளிப்படும் கதிர்களைக் காட்டுவதற்கு வேறொரு முறை வேண்டும். ஒரு தனிக் கதிர் எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நிற்பதற்கான நிகழ்தகவை மட்டுமே சொல்ல முடியும். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் பகடை எறிந்து அதன் கதியை முடிவு செய்யலாம்.

இம்முறையின் வரலாறே விளையாட்டோடு தொடர்புடையது. 1946ஆம் ஆண்டில் நோயிலிருந்து தேறிவந்த கணித அறிஞர் உலாம், தனியே சீட்டாடிப் பொழுது போக்கினார். ஓர் ஆட்டம் வெற்றியாகும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட முயன்றபோது, சூத்திரத்தைத் தேடுவதைவிடப் பலமுறை ஆடிப் பார்த்து எண்ணுவதே எளிது என்று அவருக்குத் தோன்றியது. நியூட்ரான்களின் போக்கையும் இவ்வாறே கணக்கிடலாம் என்று அவரும் ஃபான் நாய்மனும் கண்டனர். சூதாட்டத்துக்குப் பெயர்பெற்ற 'மான்ட்டி கார்லோ' நகரின் பெயரே அம்முறைக்கு வழங்கலாயிற்று. 1948இல் 'எனியாக்' கணிப்பொறியில் அக்கணக்கீடுகள் நடைபெற்றன. இன்றைய துகள் விளையாட்டில் நியூட்ரான்கள் கட்டத்துக்குக் கட்டம் தாவுவதைக் காண்பவர், அப்பழைய முறையின் வழித்தோன்றலையே காண்கிறார்.

கோபால்ட் 60 வீசும் காமாக் கதிர்களை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் ஈயம் பாதியாக்கும். கட்டத்தின் அளவு 2 மில்லிமீட்டர் எனில், ஆறு கட்டங்களில் பாதி நிற்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் கதிர் நிற்கும் வாய்ப்பை 100க்கு 11 என வைத்தால் போதும். பத்து முறை பாதியாக்கும் 12 சென்டிமீட்டர் ஈயச் சுவரைக் கடப்பவை 1,024இல் ஒன்று மட்டுமே. எவ்வளவு தடித்த சுவராயினும் கதிர் முற்றிலும் இல்லாமற் போவதில்லை. குறைந்துகொண்டே செல்கிறது என்பதையும் இவ்விதி இயல்பாகவே காட்டிவிடும். ஆல்ஃபாத் துகளுக்கு இவ்விதி பொருந்தாது. அது காற்றில் சில சென்டிமீட்டர் மட்டுமே சென்று நின்றுவிடும். ஒரு காகிதமே அதைத் தடுத்துவிடும். எனவே அதற்குத் திட்டமான நெடுக்கத்தை வகுக்க வேண்டும். எவ்வகைக் கதிராயினும், அது மறையும் கட்டத்தில் அதன் ஆற்றல் வெப்பமாக வரவு வைக்கப்படுவது அவசியம்.

நியூட்ரானும் நீரும்

நியூட்ரானைத் தடுப்பதற்கும் ஈயமே சிறந்தது என்று பலர் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. ஒரு கோலிக்குண்டு பெரும் பாறையில் மோதினால் வேகம் குறையாமல் திரும்பிவிடும். மற்றொரு கோலிக்குண்டில் மோதினால் தன் வேகத்தை அதற்குக் கொடுத்துவிடும். ஹைட்ரஜன் அணுக்கருவின் எடை நியூட்ரானின் எடையை ஒத்தது. ஆதலால் பிளவில் பிறந்த வேகமான நியூட்ரான், ஹைட்ரஜனுடன் ஏறத்தாழ 18 முறை மோதியதும் மெதுவாகிவிடுகிறது. கார்பனில் இதற்கு ஏறத்தாழ 115 மோதல்களும், ஈயத்தில் ஏறத்தாழ 1,900 மோதல்களும் தேவை.

நம் நாட்டின் முதல் அணு உலையான 'அப்சரா' இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். டிராம்பேயில் 1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் இயங்கத் தொடங்கிய அவ்வுலையின் எரிபொருள், ஒரு நீர்த் தொட்டியினுள் அமைக்கப்பட்டிருந்தது. அந்நீரே நியூட்ரான்களை மெதுவாக்கியது. அந்நீரே வெப்பத்தை ஏற்றது. அந்நீரே மேலே நின்று பார்ப்பவரைக் கதிர்வீச்சிலிருந்து காத்தது. நீர்க் கட்டத்துக்கு இம்மூன்று பணிகளையும் அளிக்கும் விளையாட்டில், அப்சராவை ஒத்த ஓர் உலையைச் சிறுவர்கள் தாமே அமைத்துப் பார்க்கலாம். பழைய அப்சரா பணி முடித்த பின், அதன் இடத்தில் அமைந்த புதிய 'அப்சரா யூ' உலை 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இயங்கத் தொடங்கியது.

தொடர்வினையைக் காட்டுவதில் ஒரு சிறு பின்னமே எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. யுரேனியம் 235 பிளவுறும்போது சராசரியாக 2.4 நியூட்ரான்கள் பிறக்கின்றன. அவற்றில் நூற்றுக்கு 0.65 பங்கு மட்டும் உடனே வெளிவராமல் சில நொடிகள் தாமதித்து வெளிவருகின்றன. ஒரு தலைமுறை நியூட்ரான்களைவிட அடுத்த தலைமுறை ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் மிகுதி என்று கொள்வோம். எல்லா நியூட்ரான்களும் உடனே பிறப்பனவாயின், ஒரு தலைமுறைக்கு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கே ஆகும். ஒரு நொடியில் உலையின் திறன் ஏறத்தாழ 22,000 மடங்காகிவிடும். தாமத நியூட்ரான்கள் இருப்பதால், அதே நொடியில் திறன் உயர்வது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று மட்டுமே. மனிதரும் கருவிகளும் உலையை ஆள முடிவது இச்சிறு பங்கினால்தான். இவ்வியல்பு இல்லாத விளையாட்டில் எந்த உலையும் வெடிகுண்டாகவே முடியும். மறுபுறம், மிகுதி 0.65 பங்கைத் தாண்டிவிட்டால் தாமத நியூட்ரான்களின் உதவி கிட்டாது. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபிலில் இத்தகைய எல்லை மீறப்பட்டது. இரண்டையும் காட்டுவதே முறையாகும்.

சூடு வேறு, ஊறு வேறு

விளையாட்டில் செடியோ உயிரியோ இருக்குமானால், கதிர்வீச்சு அவற்றுக்கு இழைக்கும் ஊறு வெப்பநிலையின் வழியாகக் காட்டப்படுவது வழக்கம். இது பெரும் பிழை. உடல் முழுவதும் ஒரே வேளையில் 4 கிரே அளவுக் கதிர்வீச்சை ஏற்று, மருத்துவமும் பெறாத மனிதருள் ஏறத்தாழப் பாதிப்பேர் சில வாரங்களில் இறந்துபடுவர். ஒரு கிரே என்பது கிலோகிராமுக்கு ஒரு ஜூல். அவ்வாறாயின், 4 கிரே உடலின் வெப்பநிலையை டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கே உயர்த்தும். ஒரு மிடறு வெந்நீர் தரும் வெப்பம் இதைவிட மிகுதி. உடலைச் சுடாமலே உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைக்கும் ஆற்றல் கதிர்வீச்சுக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு உயிர்த் துகளுக்கும் வெப்பநிலைக் கணக்கு ஒன்றும், ஏற்ற கதிர்வீச்சின் கணக்கு ஒன்றும் தனித்தனியே வேண்டும்.

நிறுத்திய பின்னும் நிற்காத வெப்பம்

இறுதியாகக் கூறப்படுவதே எல்லாவற்றிலும் இன்றியமையாத இயல்பு ஆகும். கட்டுப்பாட்டுத் தண்டுகளைச் செருகியவுடன் தொடர்வினை நின்றுவிடுகிறது. ஆனால் வெப்பம் நிற்பதில்லை. பிளவில் தோன்றிய புதிய அணுக்கருக்கள் நிலையற்றவை. அவை சிதைந்துகொண்டே இருந்து வெப்பத்தை வெளியிடும். நெடுங்காலம் ஓடிய உலை நிறுத்தப்பட்ட கணத்தில், அதன் முழுத் திறனில் நூற்றுக்கு 6 முதல் 7 பங்கு வரை வெப்பம் எஞ்சியிருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பின் அது ஒன்று முதல் ஒன்றரைப் பங்காகவும், ஒரு நாளுக்குப் பின் ஏறத்தாழ அரைப் பங்காகவும் குறையும். கேதரின் வேயும் விக்னரும் 1948இல் வெளியிட்ட எளிய விதியின்படி, காலம் 32 மடங்காகும்போதுதான் இவ்வெப்பம் ஏறத்தாழப் பாதியாகிறது.

அரைப் பங்கு என்பது அற்பமாகத் தோன்றலாம். உலையின் வெப்பத் திறன் 3,000 மெகாவாட் எனில், அரைப் பங்கு 15 மெகாவாட் ஆகும். கொதிநிலையிலுள்ள நீரை நொடிக்கு 6.6 கிலோகிராம் வீதம், அதாவது மணிக்கு ஏறத்தாழ 24 டன் வீதம் ஆவியாக்க அது போதுமானது. அந்நீரை இடைவிடாது ஊட்டாவிட்டால் எரிபொருள் வெளியே தெரியும், சூடேறும், உருகும்.

1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் உலை சில நொடிகளில் தானே நின்றது. எனினும் குளிர்நீர் குறைந்ததால் எரிபொருளின் பெரும்பகுதி உருகியது. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நிலநடுக்கம் நேர்ந்தபோது, ஜப்பானின் புகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் விதிப்படி நின்றன. ஏறத்தாழ 50 நிமிடங்களுக்குப் பின் வந்த ஆழிப்பேரலை மின்னாக்கிகளை மூழ்கடித்தது. குளிர்விக்கும் வழி அற்றுப்போகவே, மூன்று உலைகளின் எரிபொருளும் உருகிற்று. சூடேறிய சிர்க்கோனிய உறைகள் நீராவியுடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிட்டன. அது கட்டடங்களில் வெடித்தது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் உலை நின்றுவிட்டிருந்தது, வெப்பமே நிற்கவில்லை.

இதனை விளையாட்டில் சேர்ப்பது கடினமன்று. பிளவுற்ற ஒவ்வொரு கட்டத்துக்கும், பிளவாற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கைச் சேமிப்பாக எழுதி, அதை நான்கைந்து அறைகளாகப் பிரிக்க வேண்டும். ஓர் அறை நொடிகளிலும், மற்றொன்று நிமிடங்களிலும், ஏனையவை மணிகளிலும் நாட்களிலும் ஆண்டுகளிலும் பாதியாகுமாறு அமைத்தால், மெய்யான உலையின் போக்கு ஓரளவு செம்மையாகவே கிடைத்துவிடும். நாட்களை நிமிடங்களாகச் சுருக்கிக் காட்டும் கடிகாரம் ஒன்றையும் திரையின் ஓரத்தில் வைப்பது நன்று.

அணுவாற்றலைப் பற்றி மக்களிடையே இரு பிழைகள் நிலவுகின்றன. ஒன்று, எந்த உலையும் எக்கணமும் குண்டாய் வெடிக்கும் என்னும் அச்சம். மற்றொன்று, பொத்தானை அழுத்தினால் எல்லாம் அணைந்துவிடும் என்னும் அசட்டை. தாமத நியூட்ரான்களைச் சேர்த்த விளையாட்டு முதற்பிழையைப் போக்கும். எஞ்சும் வெப்பத்தைச் சேர்த்த விளையாட்டு இரண்டாவதைப் போக்கும். தண்டுகளைச் செருகியபின் வெற்றி கிட்டியதென எண்ணி நீர்க்குழாயை மூடிய சிறுவன், சிறிது நேரத்தில் தன் உலை உருகுவதைத் திரையில் காண்பான். மறுமுறை விளையாடும்போது அவன் அக்குழாயைத் திறந்தே வைப்பான்.